வேலிக்கு அந்தப் பக்கத்துத் துப்பாக்கி

என் மனைவியின் அண்ணன் ஆர்லிஸ் சிறையிலிருந்து வந்த அன்று காலையே என் துப்பாக்கிகள் வீட்டை விட்டுப் போயின. பரோல் அதிகாரி மிஸ் ஹோல்கம் முந்தின நாளே வந்து, பீரோ, பரண், கோழிக்கூடு வரைக்கும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவர் இந்த நிலத்துல இருக்குற வரைக்கும் ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டா இங்க இருக்கக் கூடாது. இருந்தா அவருதுன்னுதான் எழுதுவேன்."

மூன்று துப்பாக்கிகள். இரண்டை ஆரா மில்லில் கூட வேலை பார்ப்பவனிடம் கொடுத்தேன். மூன்றாவதை, லீவர் தள்ளிச் சுடுகிற பழைய துப்பாக்கியை, பக்கத்து நிலத்து வெண்டெல் வீட்டில் வைத்தேன். அது என் மாமனாருடையது. சாகும்போது நிலத்தையும் வீட்டையும் சிறையிலிருந்த மகன் பேருக்கு எழுதினார். எட்டு வருஷம் அவர் மாட்டைப் பார்த்து, வேலி நட்டு, தேவதாரு மரங்களை வெட்டி மேய்ச்சலுக்கு இடம் பண்ணி, கடைசி ஆறு மாசம் அவருக்கு மூத்திரச் சட்டி எடுத்த எனக்கு அந்தத் துப்பாக்கியைக் கொடுத்தார். "நல்ல துப்பாக்கி, ராய்ஸ். லீவர் ஒரு தடவைகூட மாட்டிக்கிட்டதில்ல" என்றார். நான் நன்றி சொன்னேன்.

ஆர்லிஸ் வந்தான். மாடுகளைப் பார்த்தான். புது வேலியை ஒரு உதை உதைத்துப் பார்த்தான். என் மனைவி ட்வைலா, அவன் தங்கை, அழுதுகொண்டே கட்டிப்பிடித்தாள். அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னான்:

"நல்லா வச்சிருக்க மச்சான், என் எடத்தை."

வீட்டுக்குள் வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் கிடந்த, ஓர் ஆள் படுக்கிற டிரெய்லர் வீட்டில் இருந்துகொள்கிறேன் என்றான். "அவசரம் ஒண்ணுமில்ல. வசந்தம் வரைக்கும் இருங்க. அதுக்குள்ள வேற வீடு பாத்துக்கங்க." சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து மக்காச்சோள ரொட்டியைப் பீன்ஸில் தொட்டுத் தின்றான். ட்வைலா தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

தண்டனையில் ஆறு வருஷம் மிச்சமிருக்கும்போதே அவனைப் பரோலில் விட்டிருந்தார்கள்; கண்காணிப்பு இன்னும் பதினொரு மாதம். அதற்குள் துப்பாக்கியைத் தொட்டால் அந்த ஆறு வருஷத்தையும் உள்ளே போய்க் கழிக்க வேண்டும். அவன் உள்ளே போனால் நாங்கள் இங்கே. அவன் வெளியே இருந்தால் நாங்கள் தெருவில். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவனுக்கும் தெரியும்.

நவம்பர் மான் வேட்டை சீசன். அப்போது துப்பாக்கி தொடாமல் எங்கள் மலையில் ஓர் ஆம்பளை இருக்க முடியாது. ஆர்லிஸ் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். உள்ளே கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவன். மாமனாரின் பழைய கடைசல் இயந்திரம் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதற்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி ஓட்டினான். சட்டத்தில் துப்பாக்கி என்றால் மருந்து வெடித்துச் சுடுவது. காற்றால் சுடுவது துப்பாக்கி கிடையாது. மிஸ் ஹோல்கம்மிடம் கேட்டு, அதை ஒரு கடிதத்தில் எழுதி வாங்கி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

குழல் தடிமனான எஃகுக் குழாய், மூட்டு இல்லாதது. காற்று நிற்கும் அறைக்கு உடைந்த டிராக்டரின் ஹைட்ராலிக் சிலிண்டர். வால்வைப் பித்தளைத் தண்டில் கடைந்தான். அதை அடித்துத் திறக்க ஒரு இரும்புக் கட்டை. அதன் பின்னால் லாரி எஞ்சின் ஸ்பிரிங். முதல் வால்வு ஒழுகியது. இரண்டாவது ஒழுகியது. மூன்றாவது தெறித்து வந்து கொட்டகைக் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. அவன் தலை ஓர் அங்குலம் இடப்பக்கம் இருந்திருந்தால் என் பிரச்சினை அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் கூரை ஓட்டையைப் பார்த்துச் சிரித்தான்.

"அடுத்த தடவை பக்கத்துல வந்து நில்லு மச்சான். உனக்கும் ஒரு வாய்ப்பு வேணாமா?"

நான்காவது வால்வு தாங்கியது. முக்குளிக்கிறவர்கள் முதுகில் கட்டுகிற காற்றுச் சிலிண்டர் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, அதிலிருந்து மூவாயிரம் பவுண்டு அழுத்தம் ஏற்றினான். வண்டிச் சக்கரத்தின் எடையைச் சமன்படுத்த ஒட்டுகிற ஈயத் துண்டுகளை ட்வைலாவின் வாணலியில் உருக்கிக் குண்டு வார்த்தான். ஒவ்வொன்றும் கட்டை விரல் நுனி அளவு. ஒரு தடவை காற்று ஏற்றினால் இரண்டு சூடுதான். மூன்றாவது குண்டு குழலுக்கு வெளியே வந்து புல்லில் விழும். பிறகு கொட்டகைக்குத் திரும்பி வந்து ஏற்ற வேண்டும்.

குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, என் பூனையைச் சுட்டான்.

கிழட்டு ஆண் பூனை. மில்லிலிருந்து என் மதிய உணவு டப்பாவில் வந்தது. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நாற்பது கெஜம் இருக்கும். கனமான புத்தகத்தைப் படாரென்று மூடினது போல ஒரு சத்தம். பூனை இருந்த இடத்தில் பூனை இல்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தபோது பின்பாதி தனியாகக் கிடந்தது.

"எலி பிடிக்கிற பூனைய ஏன்டா?" என்றேன்.

"எலி பிடிச்சா டிரெய்லர்ல எனக்கு ஏன் எலி?" பிளாஸ்டிக் பையைத் தட்டிக் காட்டினான். "வேணும்னா போன் போடு. துப்பாக்கி இல்ல, வெறும் காத்து."

ஆர்லிஸ் மிருகங்களிடம் இரக்கம் உள்ளவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவன் நாய் மேபல் ஒருத்தி மட்டும் விலக்கு. கறுத்த வாய், மஞ்சள் உடம்பு, பன்றி பிடிக்கிற சாதி. வந்த முதல் மாதமே நகரத்து நாய்ப் பட்டியில் நாளைக்குக் கொல்லப்போகிற வரிசையில் இருந்து எடுத்து வந்தான். "அதுவும் உள்ளேருந்து வந்தது" என்பான். தன் தட்டிலிருந்து பாதி அதற்கு. டிரெய்லரில் ஒரே கட்டில். குளிர் ராத்திரிகளில் யார் யாரை அணைத்துக்கொண்டு படுத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நான் சும்மா இருக்கவில்லை.

ஒரு நாள் வெண்டெல் வீட்டுக்கு அவன் வைக்கோல் எடுக்க வருவதாக இருந்தது. நான் முன்னாலேயே போய், பிக்கப் வண்டியின் பின் கதவைத் திறந்து போட்டு, லீவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். வெண்டெல் எழுபத்திரண்டு வயது, காது மந்தம், நல்ல மனுஷன். வராந்தாவில் உட்கார்ந்து புகையிலை மென்றுகொண்டிருந்தார். ஆர்லிஸ் வண்டியை நிறுத்தினான்.

"ஆர்லிஸ், இதைக் கொஞ்சம் புடி. துணி எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

அவன் இறங்கவே இல்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு வராந்தாவைப் பார்த்துக் கத்தினான்:

"மிஸ்டர் வெண்டெல்! என் கை எங்க இருக்கு, பாத்துக்கங்க!"

"என்னது?"

"என் கை! ஸ்டியரிங் மேல இருக்கு!"

"இருக்கட்டும்ப்பா, எனக்கென்ன!"

ஆர்லிஸ் என் பக்கம் திரும்பினான். "எட்டு வருஷம் உன்னைவிட நல்ல திருடனுங்களோட படுத்து எந்திரிச்சவன் நான். இன்னும் கொஞ்சம் யோசிச்சுட்டு வா மச்சான்."

யோசித்தேன். அடுத்த வாரம் அவன் வண்டியின் சாம்பல் கிண்ணத்துக்குள் ஒரு தோட்டாவைப் போட்டேன். ஒரே ஒரு தோட்டா. மிஸ் ஹோல்கம் வியாழக்கிழமை வருவாள். வந்தால் வண்டியைத் துழாவாமல் போக மாட்டாள்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு ஆர்லிஸ் வீட்டுக்குள் வந்தான். வழக்கமாக வர மாட்டான். கையில் குறடு. குறட்டின் வாயில் அந்தத் தோட்டா. விரல் படாமல் அப்படியே கொண்டு வந்து என் பீன்ஸ் கிண்ணத்துக்குள் போட்டான். குழம்பு என் சட்டையில் தெறித்தது.

"உன்னுது கீழ விழுந்திருக்கு போல."

ட்வைலா என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "என்ன அது?"

"உன் புருஷனைக் கேளு. நான் ஒண்ணும் தொடல." குறட்டைப் பின்பாக்கெட்டில் சொருகினான். "வசந்தம் வரைக்கும்னு சொன்னேன்ல, அது போச்சு. மான் சீசன் முடியுற அன்னிக்கு வீடு காலியா இருக்கணும். மாட்டையும் ஓட்டிட்டுப் போயிரு. புல்லு என்னுது."

மான் சீசன் முடிய இருபத்தி மூன்று நாள். பதினெட்டு மாடு, மாமனார் ட்வைலாவுக்கு விட்டுப்போனவை. மில்லில் எனக்கு ஏற்கெனவே இரண்டு விரல் நுனி போயிருந்தது. எங்கே ஓட்டுவது?

அந்த ராத்திரி ட்வைலா படுக்கையில் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்: "அவன் என் அண்ணன்."

"நான் யாரு?"

"அதான் யோசிச்சிட்டிருக்கேன்."

கீழ்ப்புல்வெளியைப் பன்றிகள் உழுதுபோட்டிருந்தன. ஓடையோரமாக ஒரு கூட்டம், அதில் ஒரு கிழட்டு ஆண். கொம்புப் பல் இரண்டும் வெளியே வளைந்திருக்கும். ஆர்லிஸ் இரண்டு வாரமாக அதற்காகக் காத்திருந்தான். பன்றிகள் எங்கள் நிலத்தில் மேய்ந்துவிட்டு, வேலிக்கு அடியில் நுழைந்து வெண்டெல் பக்கம் ஓடைக்குப் போய்ச் சேற்றுக் குழியில் புரளும். செப்டம்பரில் அந்தக் குழிக்கு எதிரே ஒரு சிக்கமோர் மரத்தில் என் கேமராவைக் கட்டியிருந்தேன். எதிரில் எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கிற வேட்டைக் கேமரா. மான் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்ப்பதற்கு வைத்தது. ஆர்லிஸ் வேலி தாண்டி ஓடைப் பக்கம் போனதில்லை. அவனுக்குத் தெரியாது.

சீசனின் கடைசிச் சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெண்டெல் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். மானுக்குத்தான் போனேன். இதை நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. ஓடை மேட்டில் ஒரு விழுந்த ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றரை மணி இருக்கும். எங்கள் நிலத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம். படார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு படார். பிறகு மேபலின் குரல், பன்றி கண்ட குரல். சருகு நொறுங்குகிற சத்தம் என்னை நோக்கி வந்தது.

கிழட்டுப் பன்றி வேலிக்கு அடியில் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தது. பின்னங்கால் ஒன்று இழுத்தது. வயிற்றில் ஒரு குண்டு, தொடையில் ஒன்று. ஓடைக்குள் இறங்கி, சேற்றுக் குழியின் பின்னால் செங்குத்தான கரையில் முதுகை வைத்துத் திரும்பி நின்றது. இனி ஓடாது. மேபல் வந்து எதிரே நின்றாள். உள்ளே போவாள், வெளியே வருவாள். நல்ல நாய். தனியாக அவ்வளவு பெரிய பன்றியைப் பிடிக்கப் போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆள் வருகிற வரைக்கும் நிறுத்தி வைப்பதுதான் அவள் வேலை. அதைச் செய்தாள்.

எனக்கும் பன்றிக்கும் பதினைந்து அடி. துப்பாக்கி தோளில். சுத்தி பின்னால் இழுத்தாகிவிட்டது. பன்றியின் காதுக்குக் கீழே உள்ள குழியில் குறி நின்றது. அதைவிட நல்ல குறி எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

நான் சுடவில்லை.

மேலே வேலியருகே ஆர்லிஸின் பூட்ஸ் சத்தம். அங்கே ஒரு நொடி நின்றது. எனக்குத் தெரியும், காற்றுத் துப்பாக்கியைக் கம்பத்தில் சாய்க்கிறான். அடுத்தவன் நிலத்துக்குள் அடிபட்ட மிருகத்தைத் தேடிப் போகிறவன் ஆயுதத்தைத் தன் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். எங்கள் மலையில் அப்படித்தான். எப்படியும் அதில் காற்றும் இல்லை. இரண்டும் சுட்டாயிற்று. பிறகு கம்பியைத் தாண்டினான். ஓடி வந்தான். மேட்டின் மேலிருந்து என்னைப் பார்த்தான், பன்றியைப் பார்த்தான்.

"ராய்ஸ்! சுடு! சுடுறா!"

அவன் குரல் கேட்டதும் மேபலுக்குத் தைரியம் வந்துவிட்டது. ஆள் வந்தாயிற்று. காதைப் பிடிக்கப் பாய்ந்தாள். பன்றி தலையை ஒரு தடவைதான் தூக்கியது. கீழிருந்து மேலே. அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டாவது தடவை தூக்கினபோது வந்தது.

அதற்குப் பிறகு சுட்டேன். பன்றி முன்கால்களை மடித்து, தூங்கப்போவது போலச் சேற்றில் முகத்தை வைத்தது.

ஆர்லிஸ் சரிந்து சறுக்கி ஓடைக்குள் வந்தான். மேபல் எழுந்திருக்கப் பார்த்தாள். முன்கால் இரண்டும் எழுந்தன. வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே சேற்றில் கிடந்தது. தன் காலாலேயே அதை மிதித்துக்கொண்டு அவனிடம் வந்தாள். இரண்டடி வந்தாள். வாலை ஆட்டினாள்.

"என்னடா பண்ணிட்டிருந்த? எதுக்குடா நின்ன?"

"மாட்டிக்கிச்சு. லீவர் மாட்டிக்கிச்சு."

அவன் கேட்டானோ இல்லையோ. சட்டையைக் கழற்றி அவள் வயிற்றை அள்ளி உள்ளே வைக்கப் பார்த்தான். அது உள்ளே போகிற காரியமில்லை. அவனுக்கும் தெரியும்.  அவள் அவன் கையை நக்கினாள். பிறகு கத்த ஆரம்பித்தாள். நாய் கத்துவதுபோல இல்லை. குழந்தை கத்துவதுபோலவும் இல்லை. மில்லில் ஆணி மேல் ரம்பம் ஏறினால் ஒரு சத்தம் வரும், அது மாதிரி. நிற்காமல்.

"நான் முடிச்சிரட்டுமா?" என்றேன்.

கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும். தன் நாயைத் தானே முடிக்க வேண்டும். அடுத்தவன் கையில் விடுகிறவனை எங்கள் ஊரில் ஆள் என்று மதிக்க மாட்டார்கள். மாமனார் தன் கடைசி நாயை முடிக்கும்போது நிற்கக்கூட முடியாத நிலை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் சுட்டார். என்னைச் சுடச் சொல்லவில்லை.

"தொடாத. என் நாய்."

பெல்ட்டிலிருந்து கத்தியை எடுத்தான். அவள் கழுத்தைப் பிடித்துத் தலையை மடியில் வைத்தான். கத்தியைக் கொண்டுபோனான். அவள் கத்துவதை நிறுத்தி அவன் மணிக்கட்டை நக்கினாள். கத்தி அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதைச் சேற்றில் எறிந்தான்.

"என்னுதுல காத்து இல்ல," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. "ஏத்திட்டு வர அரை மணி ஆகும்."

"அரை மணி இப்படியே கெடப்பா, ஆர்லிஸ்."

"தெரியும்டா!"

நான் மேட்டிலிருந்து இறங்கி, துப்பாக்கியின் அடிக்கட்டையை அவன் பக்கம் திருப்பி நீட்டினேன்.  நின்றது சிக்கமோர் மரத்துக்குப் பின்பக்கமாக. கேமரா அதன் முன்பக்கத்தில்.

அவன் கை வந்தது. பாதி வழியில் நின்றது. விரல்களைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். மேலே மேட்டைப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். யாரும் இல்லை. மேபல் மறுபடி ஆரம்பித்தாள்.

வாங்கினான்.

அது அவன் அப்பன் துப்பாக்கி. பத்து வயதிலிருந்து அதில் சுட்டவன். பார்க்காமலே லீவரைத் தள்ளினான், பார்க்காமலே கட்டை விரல் சுத்தியை இழுத்தது. லீவர் வெண்ணெய் மாதிரி ஓடியது. அவள் காதுக்குப் பின்னால் குழலை வைத்து, "நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு" என்று இரண்டு தடவை சொன்னான்.

சத்தம் ஓடை வழியாகப் போய்த் திரும்பி வந்தது.

துப்பாக்கியை என்னிடம் கொடுக்கவில்லை. சேற்றில் படாமல் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்து, கையைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

"ராய்ஸ்."

"சொல்லு."

"இதை யார்கிட்டயும் சொல்லிராத."

"நான் எதுக்குச் சொல்றேன்."

அவளைச் சட்டையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வேலி தாண்டினான். தன் பக்கத்தில், டிரெய்லர் ஜன்னலிலிருந்து தெரிகிற இடத்தில், குழி வெட்டினான். மேலே முழுக்கப் பாறை மண். கடப்பாறை போட வேண்டியிருந்தது. நானும் போட்டேன். நெஞ்சாழம் வெட்ட நினைத்தான், முட்டியாழத்தில் பாறை வந்துவிட்டது. அதற்குமேல் இருவருக்கும் முடியவில்லை.

கேமராவிலிருந்து படம் பதிகிற அட்டையை அன்றைக்கே எடுத்துவிட்டேன். அறுபதுக்கு மேல் படம். பெரும்பாலும் பன்றியும் நாயும். ஒன்று மட்டும் எனக்கு வேண்டியது. சட்டையில்லாத ஓர் ஆள், கையில் லீவர் துப்பாக்கி, முகம் பக்கவாட்டில் தெளிவாக. காலடியில் மஞ்சள் நாய். கீழே தேதி, நேரம். நான் எந்தப் படத்திலும் இல்லை.

மூன்று நாள் அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. மூன்றாவது நாள் ஆர்லிஸ் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றான். முகம் சவரம் செய்யாமல் தொங்கியது.

"ட்வைலா, வசந்தம் வரைக்கும் இருங்க," என்றான். "அதுக்கப்புறமும்... பாத்துக்கலாம். அவ்ளோ பெரிய வீட்டை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்."

ட்வைலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டேன். அவன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். நானும் அசைத்தேன்.

பாத்துக்கலாம். இந்த வார்த்தையை வைத்து யாராவது வேலி நடுவார்களா? அவனுக்கு ஒரு நாள் வயிறு சரியில்லை என்றால் பார்த்துக்கொள்ள மாட்டான். இன்னொரு நாய் வந்தால் பார்த்துக்கொள்ள மாட்டான். எட்டு வருஷம் அவன் அப்பன் வாயைப் பார்த்தேன். இனி இவன் வாயைப் பார்க்க வேண்டும். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அந்த ஒரு படத்தைக் கடையில் அச்சுப்போட்டு, உறையில் வைத்து, மிஸ் ஹோல்கம்முக்கு என் பேர் எழுதாமல் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மிஸ் ஹோல்கம்மும், சீருடையில் இரண்டு பேரும். நான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தேன். ஆர்லிஸ் கொட்டகையிலிருந்து காற்றுத் துப்பாக்கியைக் குழல் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பையை உருவினான். சிரித்துக்கொண்டே.

"இதுக்கா மூணு பேரு? வெறும் காத்துங்க. இந்தாங்க, நீங்க எழுதிக் குடுத்ததுதான் மிஸ் ஹோல்கம். படிச்சுக் காட்டவா?"

"அதைக் கீழ வைங்க, ஆர்லிஸ்," என்றாள் அவள். "அதுக்காக வரல."

படத்தைக் காட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் மறந்துபோய்க் கிடந்தது. பிறகு படத்தில் ஓர் இடத்தைப் பெருவிரலால் தொட்டான். நாய் கிடந்த இடம்.

"இதை நான் வச்சுக்கலாமா?"

"இது சாட்சியம்."

"அவ படம் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

"ஆர்லிஸ், கையைப் பின்னால வைங்க."

வைத்தான். சீருடைக்காரன் ஒருவன், சின்ன வயசு, "சாரி சார்" என்றான். வண்டியில் ஏறும்போது ஆர்லிஸ் என் பக்கம் திரும்பினான். திட்டுவான் என்று நினைத்தேன். துப்புவான் என்றுகூட நினைத்தேன்.

"மச்சான். குழி மேல கல்லு வைக்கல. ஆழம் பத்தாது. நரி தோண்டிரும். நாலு பெரிய கல்லாப் பாத்து வை."

"சரி," என்றேன். ட்வைலா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே வெண்டெல் வீட்டிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்தேன். முன்வாசல் வழியாக, வெளிச்சத்தோடு. அடுப்புக்கு மேலே மாமனார் அடித்திருந்த இரண்டு மர ஆணிகளில் மாட்டினேன். ட்வைலா அடுப்பில் மாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்:

"மாட்டிக்கிச்சுன்னு சொன்னியாமே. ஆர்லிஸ் சொன்னான்."

"ஆமா."

அவள் கையைத் துடைத்தாள். துப்பாக்கியை ஆணியிலிருந்து எடுத்தாள். லீவரைத் தள்ளினாள், இழுத்தாள், தள்ளினாள், இழுத்தாள். ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு தோட்டா தெறித்து மேசை மேல் உருண்டது. எண்ணெய் போட்டதும் நான்தான். மறுபடி ஆணியில் மாட்டினாள்.

"பன்னியைச் சுட்டது, அது மேபலைக் குத்துறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் மேசையில் கிடந்த தோட்டாக்களைப் பொறுக்கினேன்.

"கேட்டேன்."

"பின்னாடி."

தலையசைத்தாள். என் தட்டில் ரொட்டியும் கறியும் வைத்தாள். அதே பன்றியின் கறி. ஆர்லிஸ் நாய்க்குக் குழி வெட்டிய பிறகு ஓடைக்குத் திரும்பிப் போய், விளக்கு வைக்கும்வரை அறுத்துக் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தது. அவன் ஒரு துண்டு எடுக்கவில்லை.

ட்வைலா கோட்டை மாட்டிக்கொண்டு, கொட்டகையிலிருந்து ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். சாப்பிட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலியோரமாகக் கல் பொறுக்கினாள். டிரெய்லருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குனிந்து மண்ணைப் பார்த்தாள்.  பிறகு ஒரு கல்லைக்கூட இறக்காமல், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

"நரி தோண்டிருச்சு," என்றாள். கையைக் கழுவினாள். "இன்னொரு ரொட்டி வைக்கவா?"

பசித்தது. வை என்றேன்.